மே மாதக் கல்லூரி: பள்ளி மாணவர்களுக்கான கோடை முகாம்கள் யாருக்குப் பயன்படுகின்றன?

பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது. முடிவு மே மாதம் வருகிறது. பதினொன்றில் எந்தப் பாடப் பிரிவை எடுப்பது என்று குடும்பங்கள் கூடிப் பேசும் வாரங்கள் அவை. பருவத் தேர்வுகள் முடிந்து கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி வளாகங்கள் வெறிச்சோடத் தொடங்குவதும் அதே வாரங்களில்தான். நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி. மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறித்தவக் கல்லூரி. அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா கல்லூரி. சுங்கான்கடையில் ஸ்ரீ ஐயப்பா மகளிர் கல்லூரி. தூத்தூர்க் கடற்கரையில் புனித யூதா கல்லூரி. கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. இவ்வளவு ஆய்வகமும் நூலகமும் விடுதியும் ஒரு சிறிய மாவட்டத்துக்குள் இருக்கின்றன.

இந்த வளாகங்களுக்குள் பள்ளி மாணவர்களை ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கவைத்து, பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட அறிவியலையும் கணக்கையும் வரலாற்றையும் கற்பித்தால் அவர்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறுமா? மாறும் என்றால் யாருக்கு? இந்தக் கேள்வி பழையது. இதற்குச் சில நாடுகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

கேள்வி பிறந்த காலம்

கோடை முகாம் என்ற எண்ணத்தை வளாகத்துக்குள் கொண்டுவந்தது பனிப்போர்க் காலம். 1957இல் ஸ்புட்னிக் ஏவப்பட்ட பிறகு, அறிவியலாளர்களை இளம் வயதிலேயே கண்டெடுக்க வேண்டும் என்ற பரபரப்பு அமெரிக்காவையும் சோவியத் ஒன்றியத்தையும் ஒருசேரப் பிடித்தது. கணித மேதை ஆர்னால்ட் ராஸ், ஸ்புட்னிக்குச் சற்று முன்பே, 1957 கோடையில் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கோடைக் கணிதப் பள்ளி, பின்னர் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறி, பல வாரம் எண் கோட்பாட்டையே ஆழ உழும் திட்டமாக நிலைபெற்றது. 1962இல் சைபீரியாவின் நவசிபிர்ஸ்க் அறிவியல் நகரத்தில், ஒலிம்பியாட் தேர்வில் வென்ற பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைப் பள்ளி நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1963 தொடக்கத்திலேயே அங்கு இயற்பியல் கணித உறைவிடப் பள்ளி பிறந்தது. அதே ஆண்டு கணிதவியலாளர் கல்மகோரவ் மாஸ்கோவுக்கு அருகே ஒரு கோடை முகாம் நடத்தி, அதிலிருந்து தம் உறைவிடப் பள்ளிக்கு மாணவர்களை எடுத்தார்.

வட கரோலினா மாநிலம் 1963இல் ஒரு கல்லூரி வளாகத்தில் ஆளுநர் பள்ளியைத் தொடங்கியது. மதிப்பெண்ணோ தேர்வோ இல்லாத கோடைப் படிப்பு அது. இந்தியாவிலும் 1963இல்தான் என்.சி.இ.ஆர்.டி. தில்லியில் அறிவியல் திறன் தேடலைச் சோதனை அளவில் நடத்தி, அடுத்த ஆண்டு நாடெங்கும் விரித்தது. உதவித்தொகை பெற்ற மாணவர்கள் விடுமுறையில் கல்லூரி, ஆய்வு நிறுவனங்களின் கோடைப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த முயற்சிகளில் பெரும்பாலானவற்றுக்கும் தொடக்க நோக்கம் ஒன்றே: நாட்டுக்கு வேண்டிய மூளைகளைத் தேடுவது. பிள்ளைக்கு வேண்டியது என்ன என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. இந்த இரண்டு நோக்கங்களுக்கும் இடையே உள்ள இழுபறி இன்றைய முகாம்களிலும் தொடர்கிறது.

முதல் நிலைப்பாடு: கெட்டிக்காரர்களைத் தேடி எடுத்தல்

முதல் தரப்பின் வாதம் எளியது. ஒரு சில மாணவர்கள் வகுப்பறையின் வேகத்தைவிட வெகுவாக முன்னால் இருப்பார்கள். அவர்களை ஒத்த பிள்ளைகளோடும் உண்மையான ஆராய்ச்சியாளர்களோடும் சில வாரம் இருக்கவிட்டால் வளர்ச்சி துள்ளும். 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வு இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தது. கல்லூரி நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த அவர், 1979இல் அதே பல்கலைக்கழகத்தில் திறனாளர் மையத்தை அமைத்தார். அதன் கோடைப் படிப்புகள் உலகின் பல நாடுகளில் பின்பற்றப்பட்டன.

இந்தியாவில் இந்த வழியின் தெளிவான வாரிசு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து, பதினொன்றில் அறிவியல் எடுத்தவர்களுக்கு ஐந்து நாள் முகாம். பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நடக்கும் அந்த முகாம்களில் அறிவியலாளர்களின் உரையும் ஆய்வகப் பயிற்சியும் உண்டு. இஸ்ரோ 2019 கோடையில் தொடங்கிய யுவிகா இன்னொரு கிளை. ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கிப் படிக்கும் இந்த முகாமின் மையங்களில் ஒன்று திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். நாகர்கோவிலிலிருந்து அது ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்தான். பயணச் செலவையும் தங்கும் செலவையும் இஸ்ரோவே ஏற்கிறது. கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பும் உண்டு. இது கவனிக்கத்தக்க ஏற்பாடு. ஆனால் முதல் ஆண்டில் ஒரு மாநிலத்துக்கு மூன்று இடங்களே தரப்பட்டன. பின்னர் இடங்கள் கூடினாலும், நாட்டின் அளவுக்கு அது சிறு எண்ணிக்கைதான்.

இந்தத் தரப்பின் பலவீனம் தேர்வு முறையில் இருக்கிறது. 1921இல் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் நுண்ணறிவுச் சோதனை வைத்து மேதைப் பிள்ளைகளைப் பொறுக்கியபோது, பிற்காலத்தில் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லி, லூயி ஆல்வரெஸ் இருவரும் அந்தச் சல்லடையில் தேறவில்லை. மதிப்பெண் வழித் தேர்வு ஏற்கெனவே நல்ல பள்ளியும் தனிப் பயிற்சியும் வாய்த்தவர்களையே மேலும் உயர்த்தும் என்ற குறை எல்லா நாடுகளிலும் சொல்லப்படுகிறது.

கன்னியாகுமரி மாவட்டமே இங்கு ஒரு சிந்தனைக்குரிய எடுத்துக்காட்டைத் தருகிறது. 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன், சரக்கல்விளையில் பிறந்து தமிழ் வழி அரசுப் பள்ளியில் படித்து, நாகர்கோவில் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் கணிதப் பட்டம் பெற்றவர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்பை ஏற்ற வி. நாராயணன், இதே மாவட்டத்தின் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர். டிப்ளமோவில் தொடங்கி, பணியில் சேர்ந்த பின் உயர்படிப்புகளை முடித்தவர். இருவரும் வந்தது பக்கத்துப் பள்ளி, எட்டும் தூரத்துக் கல்லூரி, படிப்படியான உயர்வு என்ற பாதையில். திறன் தேடல் முகாம்களின் பாதை வேறு. இரண்டு பேரை வைத்து எந்தக் கோட்பாட்டையும் நிறுவிவிட முடியாது. ஆனாலும், பதினான்கு வயதில் சல்லடையில் விழாதவர்களுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை இவ்வளவு அருகிலிருக்கும் சான்று வலுப்படுத்துகிறது.

இரண்டாம் நிலைப்பாடு: வாசலைத் திறத்தல்

அடுத்த தரப்பு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. கல்லூரி வாசலையே மிதித்திராத குடும்பத்துப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது, அந்த இடம் தனக்கும் உரியது என்ற நம்பிக்கை. அது அங்கேயே தங்கி, உண்டு, பேசிப் பழகினால்தான் வரும் என்கிறது இந்தத் தரப்பு.

அமெரிக்காவில் 1964இன் வறுமை ஒழிப்புச் சட்டத்தின் வழியே வந்த ‘அப்வர்ட் பவுண்ட்’ இதன் முன்னோடி. ஏழைக் குடும்பங்களிலிருந்தும், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகவிருப்பவர்களிலிருந்தும் மாணவர்களை எடுத்து, ஆண்டு முழுவதும் துணைப் பயிற்சியும் கோடையில் வளாகத்தில் தங்கிப் படிக்கும் ஆறு வாரமும் தருவது அதன் முறை. 1990களில் 67 மையங்களில் ஏறத்தாழ 2,800 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து இதன் பயன் சோதிக்கப்பட்டது. விடை பலரையும் ஏமாற்றியது. சராசரியாகப் பார்த்தால், கல்லூரிச் சேர்க்கையில் திட்டவட்டமான உயர்வு இல்லை. ஆனால் தொடக்கத்தில் பட்டப் படிப்பு வரை போவோம் என்று எதிர்பார்க்காத மாணவர்களிடம் பயன் தெளிவாகத் தெரிந்தது. மாதிரியில் ஒரு மையத்துக்குக் கொடுக்கப்பட்ட அளவுக்கு மீறிய எடையை வைத்து, பின்வந்த ஆய்வாளர்கள் சராசரி முடிவையே மறுத்தார்கள். அந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை.

அண்மைய சான்று சற்று நம்பிக்கை தருகிறது. சாரா கோஹோட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று பின்தங்கிய சமூகத்து மாணவர்களுக்காக நடத்திய மூன்று திட்டங்களைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டது. ஒன்று ஆறு வாரம், ஒன்று ஒரு வாரம், ஒன்று ஆறு மாத இணையவழி. இடம் கிடைத்தவர்கள் நல்ல கல்லூரிகளில் சேர்ந்ததும், அறிவியல் பட்டத்தை முடித்ததும் கூடின. காரணமாக அவர்கள் சுட்டுவது கூர்ந்து நோக்கத்தக்கது: அறிவியல் ஆர்வம் திடீரென்று கூடியதைக் காட்டிலும், மாணவர்கள் விண்ணப்பித்த கல்லூரிகள் மாறியதே பெரும் பங்கு வகித்தது. அதாவது முகாம் கற்பித்த பாடத்தைவிட, முகாம் காட்டிய வழி பெரிதாக வேலை செய்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த நோக்கத்தை 2022 மார்ச் 1இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ ஏந்தியிருக்கிறது. பிளஸ் டூ மாணவர்களை அருகிலுள்ள கல்லூரிக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லும் களப்பயணம் அதன் ஒரு பகுதி. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் பணத் தடையைக் குறைத்திருக்கின்றன. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. சேர்க்கை என்ற படியைப் பெரும்பாலும் கடந்துவிட்ட மாநிலத்தில், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, அதன் பின் என்ன என்ற தகவல் தடைதான் மிஞ்சியிருக்கிறது.

இதன் பலவீனம் நேரத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு நாள் கல்லூரியைப் பார்ப்பவருக்குப் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அதற்குப் பின் காணும் ஆய்வகம் மனத்துக்கு இதம் தரலாம். எடுத்த முடிவை மாற்றுவது கடினம்.

மூன்றாம் நிலைப்பாடு: எல்லாருக்கும் அறிவியல்

மூன்றாவது குரல் மக்கள் அறிவியல் இயக்கங்களுடையது. 1962இல் பிறந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், அறிவியல் நூல்கள் எழுதுவதில் தொடங்கி, பாலவேதிகள் என்ற சிறார் மன்றங்களையும் விடுமுறைச் சிறார் விழாக்களையும் ஊர் ஊராகக் கொண்டுசென்றது. 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ இதழையும், நாடெங்கும் பரவிய சிறார் அறிவியல் மாநாட்டில் பங்கேற்பையும், விடுமுறைப் பயிலரங்குகளையும் தமிழில் நிலைநிறுத்தியது. இவர்களுக்குத் தேர்ந்தெடுப்பதே சிக்கல். எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்கலாம், குளத்தைப் பார்த்து நீர்ப்பூச்சியை எண்ணலாம், விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடலாம் என்பதே இவர்களின் நிலை.

அரசு சார்ந்த மையங்களிலும் இந்த நோக்கத்துக்கு இடம் உண்டு. 1987இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் கோடையில் சிறாருக்கான பயிற்சி முகாம்களை நடத்திவருகிறது. நாகர்கோவிலிலிருந்து பிள்ளைகள் அங்கு போய்வர முடியும். புனேயில் வானியல் மையம் ஐயூகா நடத்தும் பள்ளி மாணவர் கோடைத் திட்டம் இன்னும் துணிச்சலானது. பாடத்திட்டம் என்று ஒன்றும் வைக்காமல், ஒரு வாரம் ஒரு விஞ்ஞானியோடு மாணவர் உட்கார்ந்து தாம் விரும்பிய கேள்வியைத் துருவுவது அதன் வழி. அங்கு உள்ளடக்கம் முக்கியமல்ல; ஆராய்ச்சி செய்யும் ஒரு மனிதர் எப்படி யோசிக்கிறார் என்பதை அருகிலிருந்து பார்ப்பதுதான் கல்வி.

இந்த வழியின் நியாயத்துக்கு ஒரு சான்று உண்டு. ராபர்ட் டாயும் ஆடம் மால்டீஸும் 2010இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வில், 116 விஞ்ஞானிகளிலும் முனைவர் பட்ட மாணவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், அறிவியல் ஆர்வம் தமக்கு நடுநிலைப் பள்ளிக்கு முன்பே வந்ததாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளர்களாக ஆனவர்களைப் பற்றி அலெக்ஸ் பெல்லும் ராஜ் செட்டியும் மற்றவர்களும் 2019இல் எழுதியதும், இளமையில் புதுக்கண்டுபிடிப்பாளர்களின் அருகிலிருந்து வளர்வது பெரிதும் உதவுகிறது என்றது. பழக்கமும் நெருக்கமும் வயது குறைந்தபோதே வேண்டும் என்று இரண்டும் சொல்கின்றன.

ஆனால் இயக்கங்கள் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் உயிர்வாழ்பவை. ஓராண்டு எழுச்சியோடு நடக்கும். அடுத்த ஆண்டு ஆள் கிடைக்காது. முகாமுக்குப் பின் பிள்ளை எங்கு போனார் என்பதைப் பின்தொடரும் வழியும் இல்லை. மகிழ்ச்சிதான் பயன் என்று கொண்டால் அதுவே நிறைவான விடை. படிப்பில் மாற்றம் வேண்டும் என்றால், இந்த வழியை அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

நான்காம் நிலைப்பாடு: விடுமுறையை விட்டுவிடுங்கள்

எதிர்ப்புக் குரலும் பழையதுதான். பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டும். கோடையும் பாடமாகிவிட்டால் படிப்பின் மீதே வெறுப்பு வரும் என்பது அதன் சாரம். தமிழகப் பள்ளிக்கல்வித் துறையும் கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு அறிவுறுத்துகிறது. நீட் தேர்வுக்கான பயிற்சியும் பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் தொடங்கும் பிளஸ் ஒன் முன்பாடமும் அந்த அறிவுறுத்தலைப் பல இடங்களில் கடந்துபோகின்றன.

விடுமுறையில் படித்தது மறந்துபோகும், அந்த இழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கே அதிகம் என்ற வாதம் இதற்கு மறுமொழியாக வந்தது. 1982இல் பால்டிமோரில் தொடங்கிய நீண்ட ஆய்வு அதன் பெரும் ஆதாரம். ஆனால் பால் வான் ஹிப்பல் போன்றோர் 2019இல் இந்த இடைவெளியின் ஒரு பகுதி தேர்வு அளவிடும் முறையால் வந்ததாகக் காட்டி, அந்த நம்பிக்கையைத் தளர்த்தினார்கள். ரேண்ட் ஆய்வு நிறுவனம் அமெரிக்க நகரங்களில் நடத்திய கோடைக் கல்வி ஆய்வில், பயன் முக்கியமாக 20 நாளும் அதற்கு மேலும் வந்த மாணவர்களிடம் காணப்பட்டது. அது தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பற்றியது. உயர்நிலைப் பள்ளி வளாக முகாமுக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும், நான்கைந்து நாளில் பாட அறிவு கூடும் என்று எதிர்பார்ப்பதை அது ஐயத்துக்குள்ளாக்குகிறது.

இன்னொரு எதிர்ப்பு சந்தை சார்ந்தது. உலகின் பெரும் பல்கலைக்கழகங்களின் பெயரில் நடக்கும் பல கட்டணக் கோடைப் படிப்புகளுக்கு ஆகும் செலவை எளிய குடும்பங்கள் நினைத்துப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டிலும் சில தனியார் கல்லூரிகளின் இலவச முகாம்கள் சேர்க்கைப் பருவத்துக்குச் சற்று முன் நடப்பதை, விளம்பரமாகவே பார்ப்பவர்கள் உண்டு. இதை முழுவதும் தவறென்று சொல்லவும் முடியாது. வளாகத்தைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது பார்க்காமல் தேர்ந்தெடுப்பதைவிட நல்லது. முகாமில் எதைச் சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. அந்தக் கல்லூரியைத் தவிர வேறு கல்லூரியைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசும் முகாம் மாணவருக்கானது என்று நம்ப இடமுண்டு.

நாஞ்சில் நாட்டில் இந்தக் கேள்வி

நாஞ்சில் நாடு என்ற பெயர் உண்மையில் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களுக்கே உரியது. ஆனால் கல்குளம், விளவங்கோடு பகுதிகளோடு சேர்த்தே இந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த இந்த மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே அதிகம். மிஷனரி ரிங்கல்தௌபே 1809இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளியின் வழியாக வளர்ந்ததுதான் ஸ்காட் கல்லூரி. இரு நூற்றாண்டுப் பள்ளி மரபு உள்ள இடத்தில், கல்வியே எட்டாத நிலைக்கு எதிராக முகாம் நடத்த வேண்டிய தேவை குறைவு.

தேவை வேறு இடங்களில் இருக்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலே மோதிரமலை, குற்றியார்ப் பகுதிகளில் வாழும் காணி மக்களின் பிள்ளைகள். அரசு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையிலான கடலோர ஊர்களின் பிள்ளைகள். மாவட்ட எழுத்தறிவின் சராசரிக்குள் மறைந்திருப்பவர்கள் இவர்கள். மதிப்பெண்ணின் முதல் ஒரு விழுக்காட்டைத் தேடும் முகாம் இவர்களில் பலரைச் சென்றடையும் வாய்ப்பு சிறிது. தொடக்க எதிர்பார்ப்பு குறைந்தவர்களுக்கே பயன் அதிகம் என்று அப்வர்ட் பவுண்ட் ஆய்வு காட்டியதை இங்கு நினைக்கலாம். நாட்டின் பெரிய தேடல் முகாம்கள் மேல்தட்டு மதிப்பெண்ணைத் தேடுகின்றன. கிடைத்திருக்கும் சான்று நடுவிலும் கீழும் இருப்பவர்களைச் சுட்டுகிறது.

நாள்காட்டியும் ஒரு சிக்கல். கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரையின் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகள் மே மாதத்தில் கரையில் நிற்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் அதே மாதத்தில் தொழில் ஓடும். வருமானம் இல்லாத வாரங்களில் பிள்ளை முகாமுக்குச் செல்ல முடியுமா, வருமானம் உள்ள வாரங்களில் வீட்டுக்குக் கைகொடுக்க வேண்டுமா என்ற கணக்கு ஊருக்கு ஊர் மாறும். முகாமின் தேதியை வைப்பவர் இதைப் பார்க்காமல் வைக்கக் கூடாது.

மேலும், இங்கே விடுமுறைக் கல்வி புதிதாக வரவேண்டியதில்லை. மே மாதத்தில் சபைகள்தோறும் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியும், கோயில்களில் நடக்கும் சமய வகுப்பும், நூலகக் கோடை முகாமும் பல தலைமுறைக்குப் பழக்கமானவை. பாட்டும் போட்டியும் கைவேலையும் சேர்ந்த அந்த அமைப்புகள், பிள்ளைகளை விடுமுறையில் கூட்டுவது எப்படி என்பதை ஊருக்குக் கற்பித்திருக்கின்றன. கல்லூரி முகாம்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களிடம் நிறையவே உண்டு. பெண் பிள்ளைகளை வெளியூரில் தங்கவைக்கப் பெற்றோர் தயங்கும் இடத்தில், மகளிர் கல்லூரி விடுதிகள் நம்பிக்கைக்குரிய இடமாகலாம்.

பாடப் பொருளுக்கும் பஞ்சமில்லை. திருப்பதிசாரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். அதன் சுற்றுவட்டாரத்தில் மே மாதத்தில் கன்னிப்பூப் பருவ நெல் நடவின் பரபரப்பு. ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம். முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை மின்சாரமாக்கும் காற்றாலைகள். காற்றுப் பருவம் தொடங்குவதும் மே மாதத்தை ஒட்டித்தான். மணவாளக்குறிச்சியில் இல்மனைட், மோனசைட் கலந்த கடல் மணல். அதைச் சுற்றிய உடல்நல விவாதம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள். 2017 நவம்பர் 30இல் வந்த ஓகி புயல் தூத்தூர் வட்டார மீனவர்களை வாரிக்கொண்டபோது, கடல் எச்சரிக்கை எப்படிச் சென்றடைகிறது என்ற கேள்வி அந்த ஊர்களின் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. அந்தக் கடற்கரையிலேயே ஒரு கல்லூரி நிற்கிறது. காற்றும் அலையும் எப்படி அளக்கப்படுகின்றன என்பதை அங்கேயே படிக்கும் முகாம், வேறு எந்த ஊரின் முகாமும் தர முடியாத ஒன்றைத் தரும்.

இன்னும் முடிவாகாதவை

இந்த நான்கு நிலைப்பாடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில செய்திகள் ஓரளவு உறுதியாகத் தெரிகின்றன. குறுகிய முகாமில் பாட அறிவு பெரிதாகக் கூடும் என்று சொல்ல ஆதாரம் குறைவு. வளாகத்தோடும் அங்குள்ள மனிதர்களோடும் பழகுவதால் மாணவர் விண்ணப்பிக்கும் இடமும் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எதிர்பார்ப்பும் மாறலாம் என்பதற்குச் சான்று உண்டு. அந்த மாற்றம் எல்லாருக்கும் சமமாக நடப்பதில்லை. குறைந்த வாய்ப்போடு வருபவர்களிடம் அதிகம் நடக்கிறது என்பது வலுவான குறிப்பு.

தெளிவாகாதவை இவற்றைவிட அதிகம். எத்தனை நாள் போதும் என்று எந்த ஆய்வும் உறுதியாகச் சொல்லவில்லை. முகாமுக்குப் பின் ஓர் ஆசிரியரோ கல்லூரி மாணவரோ ஆண்டு முழுவதும் தொடர்பில் இருப்பது பயனில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதும் பிரித்தறியப்படவில்லை. ராஸ் பள்ளி, அப்வர்ட் பவுண்ட் போன்றவற்றில் தொடர்பும் கால அளவும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மேலே சொன்ன குலுக்கல் ஆய்வுகள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. தமிழ் வழி மாணவர் ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் ஐந்து நாள் உட்கார்ந்து என்ன பெறுகிறார் என்பதை அவை சொல்லப்போவதில்லை. மொழி இங்கு அடிப்படைச் சிக்கல். எல்லையோர விளவங்கோட்டில் மலையாளமும் வீட்டுமொழியாக இருப்பது அதை இன்னும் நுட்பமாக்குகிறது.

முகாமை எந்த வயதில் வைப்பது என்பதிலும் உடன்பாடு இல்லை. இன்ஸ்பயர் பதினொன்றாம் வகுப்பில் வைக்கிறது, யுவிகா ஒன்பதாம் வகுப்பை ஒட்டி வைக்கிறது, ஆர்வம் தொடக்கப் பள்ளியிலேயே வருகிறது என்கிறது நேர்காணல் ஆய்வு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பாடப் பிரிவு தேர்வாகும் முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்களைக் குறிவைத்த முகாம்கள் இந்த விவாதத்தில் பெரிதாக இடம்பெறவில்லை. மாணவரின் முடிவு மாறக்கூடிய நேரத்தில் வருவதால் அது சோதித்துப் பார்க்கத் தகுந்தது.

கன்னியாகுமரி மாவட்டம் அப்படி ஒரு சோதனைக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. கல்லூரிகள் நெருக்கமாக உள்ளன, பேருந்து வசதி உண்டு, மாறுபட்ட நில வகைகள் சில மணி நேரத் தொலைவுக்குள் உள்ளன. விண்ணப்பம் இடங்களைவிட அதிகமாக வந்தால் குலுக்கலில் எடுத்து, எடுக்கப்பட்டவர்களையும் எடுக்கப்படாதவர்களையும் ஐந்து ஆண்டு பின்தொடர்வது பெரிய செலவில்லாத காரியம். அதைச் செய்ய ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ முன்வந்தால், யாருக்கு எந்த முகாம் பயன் தருகிறது என்பதைத் தமிழ்ச் சூழலின் சான்றோடு பேச முடியும். அதுவரை, மதிப்பெண் அதிகம் உள்ளவர்களை மட்டும் அழைக்கும் முகாம்களுக்கும், எவரையும் அழைக்கும் முகாம்களுக்கும் இடையே எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வதைக் காட்டிலும், ஒவ்வொரு முகாமும் தான் யாரை அழைத்தது, அவர்கள் பின்னர் எந்தப் படிப்பில் சேர்ந்தார்கள் என்ற இரண்டு விவரங்களை வெளியிடுவது விவாதத்தை முன்னெடுக்கும்.